சீட்டு விழுந்த அப்போஸ்தலரின் கல்லறைக்கு

1971 மே இருபதாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஐந்து ஐம்பதுக்கு எர்லாங்கன் ஸ்டேஷனில் வண்டி ஏறினேன். ஆண்டவர் விண்ணேற்புத் திருநாள். ஜெர்மனி முழுக்க விடுமுறை. ட்ரியர் நகரத்துக்குப் போக வர இரண்டாம் வகுப்புக் கட்டணம் தொண்ணூற்றாறு மார்க். நியூரம்பெர்க், ஃபிராங்க்ஃபர்ட், கோப்ளென்ஸ் என்று மூன்று இடத்தில் வண்டி மாற வேண்டும். தூரம் ஐந்நூறு கிலோமீட்டர் இருக்கும், மதுரையிலிருந்து மெட்ராஸ் போகிற தூரம்தான். இதைக் கடக்க எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், முழுவதும் படித்த பிறகு.

போவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, துக்கம் விசாரிப்பது. என் நண்பன் சவரிமுத்துவின் தாயார் தவக்காலத்தில் திண்டுக்கல்லில் காலமானார். அவன் தங்கை லூர்துமேரி ட்ரியரில் ஒரு கன்னியர் மடத்து ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறாள். பெற்றவளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கப் போக முடியாத பெண். இந்தத் தேசத்தில் அவளுக்கு ஊர்க்காரன் என்று சொல்ல நான் ஒருவன்தான். அவள் இங்கே வந்து இரண்டு வருடமாகிறது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை இரண்டு அனுப்பியதோடு சரி, நான் போய்ப் பார்க்கவில்லை. ஏன் போகவில்லை என்பதுதான் இரண்டாவது காரணம். அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1960-இல் திண்டுக்கல் பக்கத்தில் மிஷன் நடத்திய தொழிற்பள்ளி ஒன்றில் நானும் சவரிமுத்துவும் கடைசல் வேலை படித்துக்கொண்டிருந்தோம். ஜெர்மனியில் பயிற்சிக்கு ஒரே ஒரு இடம் வந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே மதிப்பெண். எங்கள் சாமியார் ட்ரியர்ப் பக்கத்து ஜெர்மானியர். "யூதாஸ் விட்டுப்போன இடத்துக்கு ஆள் தேடியபோது அப்போஸ்தலர்களே சீட்டுத்தான் போட்டார்கள். மத்தியாவுக்கு விழுந்தது. அவர் கல்லறை எங்கள் ஊரில் இருக்கிறது. நாமும் அப்படியே செய்வோம்" என்றார். கோயிலில் திருவுளச்சீட்டுப் போடுவது நமக்குப் புதிதா என்ன? எல்லோருக்கும் சந்தோஷம். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று இரண்டு சீட்டையும் என்னையே எழுதச் சொன்னார். பூசைப் பொருள்கள் வைக்கும் அறையில் தனியாக உட்கார்ந்து இரண்டிலும் 'அருளப்பன்' என்று எழுதினேன். அருளப்பன் என்பது நான்தான்.

எடுக்காத சீட்டைப் பிரிக்கக் கூடாது, தூபக்காலில் போட்டு எரித்துவிட வேண்டும் என்பது எங்கள் கோயில் வழக்கம். பிரித்துப் பார்த்தால் ஆண்டவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அந்தத் தைரியத்தில்தான் செய்தேன். பூசை முடிந்ததும் சீட்டெடுக்கக் கூட்டத்திலிருந்து ஒரு குழந்தையைக் கூப்பிட்டார்கள். சவரிமுத்துவின் தங்கை லூர்துவே ஓடிவந்தாள், அப்போது அவளுக்குப் பத்து வயது. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். என் பெயர். கைதட்டினார்கள். அன்றைக்குப் பீடத்தில் பணிவிடை செய்வது சவரிமுத்துவின் முறை. மற்ற சீட்டை அவனே தூபக்காலில் போட்டான். பிறகு வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "ஆண்டவர் சித்தம்டா மாப்ளே" என்றான்.

நான் இங்கே வந்து மருத்துவக் கருவி செய்யும் தொழிற்சாலையில் நல்ல வேலையில் அமர்ந்துவிட்டேன். அவன் அங்கே பூட்டுப் பட்டறையில் இருக்கிறான். வருடா வருடம் பிப்ரவரியில், மத்தியா திருநாளையொட்டி, அவனிடமிருந்து கடிதம் வரும். அதிலும், இடையில் எழுதும் கடிதங்களிலும் தவறாமல் ஒரு வரி இருக்கும்: 'மத்தியா கல்லறைக்குப் போய்விட்டு வந்தாயா?' நான் குளிர் என்பேன், லீவு இல்லை என்பேன், அடுத்த வருடம் என்பேன். இந்த ஏப்ரலில் வந்த கடிதத்தில் தாயார் இறந்த செய்தி இருந்தது. அந்த ஒரு வரி இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தபோது அசையாதவன், கேட்காமல் விட்டதும் ஆடிப்போனேன். லூர்துவிடம் நேரில் உண்மையைச் சொல்லி, அண்ணன் தங்கை இருவரிடமும் மன்னிப்புக் கேட்காமல் எர்லாங்கன் திரும்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டு புறப்பட்டேன்.

பதினொன்றே காலுக்குக் கோப்ளென்ஸ். ரைன் நதிக்கரைக் கோட்டைகளை வண்டியில் எல்லோரும் ஜன்னலுக்கு முண்டியடித்துப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. ஸ்டேஷனில் ஒரு காப்பி தொண்ணூறு ஃபென்னிக், கிட்டத்தட்ட ஒரு மார்க். வாயில் வைக்க வழியில்லை. அங்கிருந்து மோசல் நதியோரமாக, எல்லா ஊரிலும் நின்று போகிற வண்டி. நிலக்கோட்டைப் பக்கம் நாம் பந்தல் போட்டுத் திராட்சை வளர்ப்போம். இவர்கள் செங்குத்தான மலைச்சரிவில் கொடிக்கு ஒரு கழி நட்டு வளர்க்கிறார்கள். அடேயப்பா, அந்தச் சரிவில் ஆடு ஏறவே யோசிக்கும்! கோகெம் என்ற ஊரைத் தாண்டியதும் நாலு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கப்பாதை. இருட்டில் கண்ணாடியில் என் முகமே தெரிந்தது, திரும்பிக்கொண்டேன்.

எதிர் இருக்கையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் ஊன்றுகோல். பெயர் கிரேமர், வட ரைன் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ரொட்டிக்கடைக்காரர். அவர் ஊரிலிருந்து வருடா வருடம் நாலு நாள் நடந்து மத்தியாவின் கல்லறைக்குப் போவார்களாம். இந்தத் தடவை முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனதால் இவர் மட்டும் ரயிலில் வந்து, ட்ரியருக்கு முந்தின ஸ்டேஷனான எராங்கில் கூட்டத்தோடு சேர்ந்துகொள்கிறார்.

"நீங்களும் மத்தியாகிட்டதான் போறீங்களா? இந்தியாவுல இருந்தா?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றேன். எர்லாங்கனில் இருந்து என்று திருத்தத் தோன்றவில்லை.

"அப்போ எங்களோட எராங்கில இறங்கி நடங்க. பத்துக் கிலோமீட்டர்தான். எங்க ஆளைப் பார்க்க டாக்சியில போறது மரியாதை இல்லை" என்று சிரித்தார். "எங்க ஆளு யார் தெரியுமா? மாற்று ஆட்டக்காரர். பெஞ்சில உக்காந்திருந்து, ஒருத்தன் ஆட்டத்தைக் கெடுத்துட்டு ஓடினதும் உள்ள வந்தவர். பேதுருவைப் பார்க்க ஊரே ரோமுக்குப் போகுது. எங்களை மாதிரி ரொட்டி சுடுறவனுக்கு இவர் போதும்."

"மத்தியாவோட நின்னு சீட்டு விழாத இன்னொருத்தர் என்ன ஆனார்?" என்று கேட்டுவிட்டேன்.

கிரேமர் கொஞ்சம் யோசித்தார். "முப்பது வருஷமா நடக்கிறேன், இதை யாரும் என்னைக் கேட்டதில்லை. ஆனா அவர் கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்க மாட்டார். அன்னைக்குச் சாயங்காலம் எல்லாரோடையும் உக்காந்து சாப்பிட்டிருப்பார்."

எராங்கில் அவரோடு இறங்கிவிட்டேன்.

மணி ஒன்றே முக்கால். ஸ்டேஷனுக்கு வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஆண்களும் பெண்களும் வெயிலில் சிவந்து, காலில் துணி சுற்றிக்கொண்டு, புழுதியோடு நின்றார்கள். முன்னால் சிலுவை, அடுத்து ஒருவர் கையில் ஊர்ப் பெயர் எழுதிய பெரிய மெழுகுவத்தி. ஜெபமாலை சொல்வதும் பாடுவதுமாக நடந்தோம். துக்கத்துக்குப் போகிறேன் என்று பாலீஷ் போட்ட கறுப்பு ஷூ மாட்டிக்கொண்டு வந்த மடையன் நான் ஒருவன்தான். மோசல் பாலத்தைத் தாண்டும்போதே இடது குதிகால் எரிய ஆரம்பித்தது. கடைத்தெருவில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நகரத்தின் தெற்குக் கோடியில் மடாலயக் கோயில். நாங்கள் நெருங்கியதும் மணி அடித்தார்கள். நாலு நாள் நடந்தவர்கள் அழுதார்கள். கிட்டத்தட்ட முழுத் தூரமும் ரயிலில் வந்த நானும் அழுதேன், அது வேறு அழுகை.

அப்போஸ்தலர் மத்தியாவின் சரித்திரத்தைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. ஆண்டவர் ஞானஸ்நானம் பெற்ற நாள் முதல் பரலோகம் போன நாள் வரை கூடவே இருந்தார். எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை, யாரும் அவரைக் கூப்பிட்டதாக எழுதவில்லை, அவரும் ஒரு வார்த்தை பேசியதாக எழுதவில்லை. பதினொரு பேர் மிஞ்சியபோது இரண்டு பேரை நிறுத்தினார்கள்: யூஸ்து என்ற மறுபெயர் கொண்ட யோசேப்பு, மத்தியா. சீட்டு மத்தியாவுக்கு விழுந்தது. அத்தோடு வேதத்தில் அவர் கதை முடிந்தது. யூதேயாவில் போதித்தார் என்றும் கல்லால் எறிந்து கோடரியால் கொன்றார்கள் என்றும் பாரம்பரியமாகச் சொல்கிறார்கள். எலும்புகளை ஹெலேனா மகாராணி இந்த ஊருக்கு அனுப்பிவைத்தாளாம். கோயிலில் அவர் படுத்திருப்பது போன்ற சிலை உண்டு. படியிறங்கினால் கீழே நிலவறையில் கல்பெட்டி, அதன் முன் மெழுகுவத்திகள், ஈரச்சுவர் வாசனை. பேச்சே இல்லாமல் கூட இருந்தே காலத்தைக் கழித்த ஒரு மனிதர். அவருக்கு முன்னால் நின்று, லூர்துவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று உதட்டுக்குள் ஒத்திகை பார்த்தேன். "உன் அண்ணன் வாழ்க்கையை நான் எடுத்துக்கொண்டேன்" என்று ஆரம்பிப்பதாக முடிவாயிற்று. மத்தியாவிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவர் தனக்கு விழுந்ததை நேர்மையாக வாங்கிக்கொண்டவர், எனக்கும் அவருக்கும் பேச்சு எதற்கு?

மாலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி. நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். வரவேற்பு அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தபின் லூர்து வந்தாள். சாம்பல் நிற உடுப்பு, வெள்ளை முக்காடு. முகம் அப்படியே சவரிமுத்து. 'நீ' என்பதா 'நீங்க' என்பதா என்று எனக்குத் தடுமாற்றம்.

"வாங்கண்ணே. உக்காருங்க. ஏன் நொண்டுறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, நடந்து வந்தேன். அம்மா விஷயம் கேள்விப்பட்டு..."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "லெட்டர் வர்றதுக்குள்ள அடக்கம் முடிஞ்சு எட்டு நாள் ஆச்சுண்ணே. மதர் அன்னைக்கு எனக்காக ஸ்பெஷலா பூசை வச்சாங்க. நல்லவங்க எல்லாரும். ஆனா அம்மான்னு தமிழ்ல சொல்லி அழ ஒரு ஆள் இல்லை."

இரண்டு வருடம் வராமல் இருந்தவன் நான். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், பட்டென்று போட்டு உடைத்தேன். "லூர்து, அந்தச் சீட்டு ரெண்டுலயும் என் பேரைத்தான் எழுதினேன்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "தெரியும்ணே."

"தெரியுமா! எப்படி?"

"தூபக்கால்ல போட்டதும் சூட்டுல தாள் விரிஞ்சுச்சாம். எரியறதுக்குள்ள அதுல இருந்த உங்க பேரை அண்ணன் படிச்சிட்டார்."

"அப்போ என்னைக் கட்டிக்கிட்டானே?"

"படிச்சிட்டுத்தான் கட்டிக்கிட்டார். சொன்னா உங்களை ஸ்கூலை விட்டே அனுப்பிடுவாங்க, நீங்க வீட்டுக்கு ஒரே பையன்னு பேசாம இருந்துட்டார். எனக்கே நான் இங்க கிளம்புற அன்னைக்கு, மெட்ராஸ் ஏர்போர்ட்ல வச்சுத்தான் சொன்னார்."

உன் அண்ணன் எங்கே, நான் எங்கே, அவன் வாழ்க்கையைக் கெடுத்த பாவி என்று என்னென்னவோ உளறினேன். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"அண்ணனைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. அவர் தெரிஞ்சு விட்டுக் குடுத்தவர், நிம்மதியா இருக்கார். சீட்டை எடுத்தது யாருண்ணே?"

நான் விழித்தேன்.

"நான்தான் எடுத்தேன். அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மா என் கையைப் பிடிச்சுப் பார்த்தாங்க. அடிக்கலை. 'கூடப் பொறந்தவனுக்கே ஆகாத கை'ன்னாங்க. அவ்வளவுதான். அப்புறம் எதையும் என்னை முதல்ல தொட விடலை. விதை ஊன, புது அடுப்புப் பத்தவைக்க, எதுக்கும். அக்கா கல்யாணத்துல தாலித்தட்டு எல்லார்கிட்டயும் வந்துச்சு. என்கிட்ட வந்தப்போ தாண்டிக் கொண்டு போயிட்டாங்க. கெட்ட மனசு இல்லைண்ணே, பயம். கைராசி இல்லாதவள்னு தெருவுக்கே தெரியும். எனக்கு மாப்பிள்ளை பார்க்கவும் அதனாலதான் தயங்கினாங்க. மடத்துல சேர்றேன்னதும் அம்மா அப்பாடான்னு ஆயிட்டாங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், பத்து வருடத்தில் ஒரு நாள்கூட எனக்கு இது தோன்றியதில்லை. பாவத்தை நினைத்து நினைத்து உருகிய மகா யோக்கியன், அந்தப் பத்து வயதுக் கையை மறந்தே போயிருந்தேன்.

"அம்மாகிட்ட சவரிமுத்துவாவது சொல்லியிருக்கலாமே" என்றேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'நான் சொன்னா அருளப்பன் திருடன், அவனாச் சொன்னா மனுஷன்'னார். மத்தியா கல்லறைக்குப் போனா உங்களுக்கு மனசு வந்துடும்னு நம்பினார். அதான் வருஷா வருஷம் கேட்டார். அம்மா போனதும் கேட்கிறதை விட்டுட்டார், இனிமே சொல்லி யாருக்கு ஆகப்போகுது?" அவள் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "அவர் உங்களைக் காப்பாத்தினார். சரி. என்னை யாருண்ணே காப்பாத்துனா?"

ஆறு மணிக்கு மணி அடித்தது, அவளுக்கு டூட்டி. எழுந்தவள் என் காலைப் பார்த்தாள். சாக்ஸில் ரத்தம் ஊறியிருந்தது. "இதோட எப்படிப் போவீங்க? வாங்க" என்று கட்டுப்போடும் அறைக்கு அழைத்துப் போனாள். ஸ்டூலில் உட்காரவைத்து, தட்டில் பஞ்சு, மருந்து, கத்தரிக்கோல் எல்லாம் வரிசையாக எடுத்துவைத்தாள். கையில் அவ்வளவு நிதானம். பிறகு வாசலுக்குப் போய், வயதான ஒரு ஜெர்மன் சிஸ்டரைக் கூப்பிட்டாள்.

"நீயே போடேன், லூர்து" என்றேன்.

"டூட்டில முதல் ஆளுக்கு நான் கை வைக்கிறதில்லைண்ணே. அவங்க ஆரம்பிச்சு வச்சா, அப்புறம் எல்லாரையும் நான் பார்த்துக்குவேன்."

"உனக்குத்தான் உண்மை தெரியுமே!"

"எனக்குத் தெரியும்ணே. கைக்குத் தெரியலை."

ஜெர்மன் சிஸ்டர் என் குதிகாலைத் துடைத்துக் கட்டினார். லூர்து தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எவ்வளவு பணிவான பெண் தெரியுமா! எப்போதும் எங்களுக்குத்தான் முதலிடம் கொடுப்பாள்" என்று அந்த அம்மையார் என்னிடம் மெச்சிக்கொண்டார். அதை நான் தமிழில் மொழிபெயர்க்கவில்லை. லூர்துவுக்கே ஜெர்மன் தெரியும். தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

துக்கம் கேட்கப் போன இடத்தில் 'போய்விட்டு வருகிறேன்' என்று சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம். சொல்லாமல் எழுந்து வந்தேன். அவளும் வாசல் வரை வந்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றிரவு யாத்ரீகர் விடுதியில் தங்கினேன், பன்னிரண்டு மார்க், காலைச் சாப்பாட்டோடு. வெள்ளிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு வண்டி. அதே மோசல், அதே திராட்சைச் சரிவுகள். இந்த ஊர்க்காரர்களுக்குக் கைராசி என்றால் என்னவென்று விளக்கிச் சொல்ல முடியாது. நம் ஊரில் விளக்கவே வேண்டாம், அதுதான் பயமாக இருக்கிறது. சவரிமுத்துவுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்து, ஃபிராங்க்ஃபர்ட் வருவதற்குள் நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். அவனுக்கு நான் சொல்ல வேண்டியது எதுவும் அவனுக்குத் தெரியாததில்லை. தெரியாமலே போய்ச் சேர்ந்தவர் அவன் தாயார். அவருக்குப் படிக்கத் தெரியாது, யாராவது படித்துக் காட்டியிருப்பார்கள். பத்து வருடத்தில் எந்த ஒரு நாளில் எழுதியிருந்தாலும் போதும். மார்ச் மாதத்தில் எழுதியிருந்தால்கூடப் போதும்.

ஆகவே கடிதத்தை விட்டுவிட்டு இந்தக் கட்டுரையை எழுதினேன். திண்டுக்கல்லில் இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து பக்கத்து வீட்டிலும் படித்துக் காட்டுங்கள். என் வீட்டார் காதில் விழுந்தாலும் பரவாயில்லை. சவரிமுத்துவின் தங்கை லூர்துமேரியின் கையில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு அந்தக் குழந்தை எந்தச் சீட்டை எடுத்திருந்தாலும் என் பெயர்தான் வந்திருக்கும்.